யூனிக்ஸ் கையேடும் அதன் அச்சும்

கருவியைச் சமைத்தவரே அதனைக் கையாளும் முறையையும் எழுதிவைத்தல் கடனாகும். அங்ஙனம் எழுதியதைக் கணினித் திரையிலும் காகிதத்திலும் காட்டவேண்டுமாயின், ஒரே நூலை இருமுறை எழுதவேண்டுமோ? யூனிக்ஸ் என்னும் இயக்க முறைமையைச் சமைத்தோர் இவ்வினாவிற்குக் கண்ட விடையை ஈண்டு ஆராய்வாம்.

அமெரிக்க நாட்டின் நியூஜெர்சி மாகாணத்துப் பெல் ஆய்வுக்கூடத்தில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் இயற்றிய முதற் கையேடு, 1971-ஆம் ஆண்டு நவம்பர் 3-ஆம் தேதியிட்டு வெளிவந்தது. அதன் ஒவ்வோர் ஏட்டிலும் பெயர், வழங்கும் வகை, விளக்கம் முதலிய தலைப்புகள் முறையே நின்றன. 'குறைகள்' என்பதும் அவற்றுள் ஒன்று. தம் நிரலின் குற்றத்தைத் தாமே எடுத்துரைத்த அந்நேர்மை போற்றற்பாலது.

இனி, ஏட்டினை அமைக்கும் முறை யாதெனின், எழுதுவோர் எழுத்தின் தோற்றத்தை மட்டும் குறிப்பதில்லை. பகுதியின் பொருளையும் குறிக்கின்றனர். வரியின் முதலில் ஒரு புள்ளியிட்டு 'எஸ்', 'எச்' என்னும் இரண்டு எழுத்துக்களை எழுதினால், 'இது தலைப்பு' என்பது கருத்து. அதனை எவ்வாறு காட்டுவதென்பது வேறு நிரலின் வேலை. 'என்ராஃப்' என்னும் நிரல் தட்டச்சுப் பொறிக்கும் திரைக்கும் ஏற்ப வரிகளை அமைக்கும். 'டிராஃப்' என்பது அச்சுக்கோக்கும் பொறிக்கு ஏற்ப அமைக்கும். தட்டச்சில் தடித்த எழுத்து வேண்டின், ஓரெழுத்தை அடித்து, ஓரிடம் பின்னே நகர்ந்து, அதன்மேல் அதனையே மறுபடியும் அடிப்பது வழக்கம். இவ்விரட்டைகள் கோப்பினுட் புகுந்து படிப்போரை மயக்குமாயின், 'சி.ஓ.எல்.' என்னும் நிரலால் அவற்றைக் களையலாம்.

டிராஃப் நிரலை 1973-இல் ஆக்கியவர் ஜோ ஒஸான்னா என்பார். அது ஒரேயொரு வகை ஒளியச்சுப் பொறிக்கே உரியதாயிருந்தது. 1977-இல் அவர் மறைந்தார். பொறியோடு நிரலும், நிரலோடு ஏடுகளும் பயனற்றுப்போகும் நிலை நேர்ந்திருக்கக்கூடும். பிரையன் கெர்னிகன் 1979-இல் தொடங்கி, எப்பொறிக்கும் பொருந்துமாறு அதனைத் திருத்தி அமைத்தார். பின்னர் ஜேம்ஸ் கிளார்க் 'கிராஃப்' என்னும் புதிய நிரலை 1990-இல் வெளியிட்டார். லினக்ஸ் கணினிகள் பலவற்றில் இன்று வழங்குவது அதுவே. அவற்றில் 'மேன்' என்னும் ஏவலோடு சிறுகோடும் 'டி' எழுத்தும் ஏட்டின் பெயரும் சேர்த்து, அதன் விளைவை 'எல்.பி.ஆர்.' என்னும் அச்சேவலுக்குச் செலுத்தினால், திரையில் நாம் படித்த ஏடே அழகிய அச்சாக வெளிவரும்.

பொறிகள் மாறின, நிரல்களும் மாறின. ஆயினும், பகுதியின் பொருளைக் குறித்து எழுதிய மூலம் நின்று பயன்படுகின்றது. நெடுங்காலம் நிலைக்கவேண்டி எழுதும் நாமனைவரும் இதனை உளங்கொள்வோமாக.