கதவு பிரயாணம் செய்த கதை

"ஓடமும் ஒரு நாள் வண்டியில் ஏறும், வண்டியும் ஒரு நாள் ஓடத்தில் ஏறும்" என்று நம் பெரியோர்கள் சொல்லி வைத்திருக்கிறார்கள். அவர்கள் காலத்தில் மோட்டார் கார் கிடையாது. இருந்திருந்தால், "காரும் ஒரு நாள் பஸ்ஸில் ஏறும்" என்று மூன்றாவதாக ஒன்றையும் சேர்த்திருப்பார்கள் என்பதில் நமக்குச் சந்தேகமில்லை. முழுக் கார் பஸ்ஸில் ஏற முடியாது என்பது வாஸ்தவந்தான். ஆனால் கை வேறு கால் வேறாக ஏறலாம் அல்லவா? ஏறிக்கொண்டுதான் இருக்கிறது.

சில மாதங்களுக்கு முன்பு, காவேரிக் கரையிலுள்ள சிறிய பட்டணம் ஒன்றின் பஸ் நிலையத்தில், விடியற்காலை வேளையில் காப்பிக்காகக் காத்திருந்தோம். சென்னையிலிருந்து இரவெல்லாம் ஓடி வந்த பஸ் ஒன்று பெருமூச்சு விட்டுக்கொண்டு வந்து நின்றது. பிரயாணிகள் கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கினார்கள். கடைசியில் கிளீனர் பஸ்ஸின் அடிவயிற்றைத் திறந்து, பழைய ஜமக்காளம் சுற்றிய அகலமான சாமான் ஒன்றை வெளியே இழுத்தார். எண்ணெய்க் கறை படிந்த சட்டை அணிந்த இளைஞர் ஒருவர் ஓடோடி வந்தார்.

"மெதுவா, அண்ணே! மூலை இடிச்சிடப் போவுது!"

"என்ன தம்பி, கல்யாணப் பெண்ணை இறக்கற மாதிரி பதறுறே? கார்க் கதவுதானே?"

"கதவுதான் அண்ணே. ஆனா இதுக்காக ஒரு வண்டி மூணு மாசமா பட்டறையிலே தூங்குதே!"

விசாரித்ததில் விஷயம் விளங்கிற்று. அந்த இளைஞர் ஒரு மெக்கானிக். வாடகைக் கார் ஒன்று லாரியில் உரசி, கதவு நசுங்கி, அவருடைய பட்டறைக்கு வந்திருந்தது. அந்த மாதிரிக் கார் இப்போது தயாராவதில்லை; புதுக் கதவு எங்கே கிடைக்கும்? பழைய கார்களைப் பிரித்து உறுப்பு உறுப்பாக விற்கும் சென்னைப் புதுப்பேட்டைக் கடைகளில் தேடிப் பிடித்து, அங்கிருந்து பஸ்ஸில் போடச் செய்திருக்கிறார். கதவு வந்தால் கார் ஓடும். கார் ஓடினால்தான் அதன் சொந்தக்காரர் வீட்டில் அடுப்பு எரியும்.

காப்பி ஆறிப் போயிற்று. நம்முடைய மனமோ கடல் கடந்து சென்றது. ஏனெனில், இம்மாதிரி கதவுகளையும் பம்பர்களையும் பஸ்ஸில் ஏற்றி அனுப்புவதைப் பல தலைமுறைகளாகச் செய்து வந்த தேசம் ஒன்று உண்டு. அந்தப் பழக்கம் அங்கே எப்படி வளர்ந்தது, எப்படி முடிந்தது என்று தெரிந்துகொள்வது நமக்கு உபயோகமாயிருக்கும்.

விற்காத காரில் பிறந்த பஸ்

அமெரிக்காவில் மின்னஸோட்டா மாகாணத்தில் ஹிப்பிங் என்று ஒரு சுரங்க ஊர் இருக்கிறது. ஸ்வீடன் தேசத்திலிருந்து குடியேறிய கார்ல் விக்மன் என்பவர் அங்கே 'ஹப்மொபீல்' என்னும் காரை விற்க முயன்றார். ஒருவரும் வாங்கவில்லை. ஏழு பேர் உட்காரக்கூடிய அந்தக் காரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? 1914-ஆம் வருஷத்தில், சுரங்கத் தொழிலாளிகளைத் தலைக்கு 15 சென்ட் வாங்கிக்கொண்டு பக்கத்து ஊருக்கு ஏற்றிச் செல்ல ஆரம்பித்தார். அப்படித் தொடங்கிய தொழில்தான் பின்னாளில் 'கிரேஹௌண்ட்' என்ற பெயருடன் அமெரிக்காவிலும் கனடாவிலும் பரவியது. விற்காத கார் ஒன்றின் பயனாகப் பிறந்தது பஸ் கம்பெனி. இதை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னால் இதற்கு வேலை இருக்கிறது.

பஸ் ஆசனங்களுக்குக் கீழே, சாமான் வைப்பதற்கென்று பெரிய அறைகள் உண்டு. பிரயாணிகளின் பெட்டிகள் அவற்றை எப்போதும் நிரப்புவதில்லை. ஆளுக்காகப் பஸ் எப்படியும் ஓடியே தீரவேண்டும். டிரைவருக்குச் சம்பளமும் எஞ்ஜினுக்கு எண்ணெயும் கொடுத்தாகிவிட்டது. காலி இடத்தில் ஒரு கதவைச் செருகினால் வருவதெல்லாம் வரவுதான். ஆகவே குறைந்த கட்டணத்தில் சுமை ஏற்ற முடிந்தது. மேற்குக் கனடாவில் சில தடங்களில் முன்பாதி ஆட்களுக்கும் பின்பாதி சரக்குக்குமாக ஒரு வகை வண்டியே ஓடிற்று. பஸ், டிரக் என்ற இரண்டு சொற்களையும் முடிச்சுப் போட்டு அதற்குப் 'பிரக்' என்று பெயர் வைத்திருந்தார்கள்!

தபாலுக்கு அடங்காத சாமான்

"தபாலில் அனுப்பக் கூடாதா?" என்று கேட்கலாம். ஒரு காரின் பானெட்டை, அதாவது எஞ்ஜினை மூடும் முன்பக்கத் தகட்டை, அட்டை சுற்றிக் கட்டியதாக வைத்துக்கொள்வோம். நீளம் 150 சென்டிமீட்டர், அகலம் 140, கனம் 20. எடை 20 கிலோதான். கனடா தபால் இலாகா 30 கிலோ வரை பார்சல் வாங்கிக்கொள்ளும். ஆனால் நீளத்தையும் சுற்றளவையும் கூட்டினால் 3 மீட்டருக்கு மேல் போகக் கூடாது என்பது அதன் விதி. நம்முடைய பானெட்டோ 4 மீட்டர் 70 சென்டிமீட்டர் ஆகிறது. எடையில் தேறிவிட்டு அளவில் தவறிவிடுகிறது.

கூரியர் கம்பெனிகளிடம் போனால் வேறொரு கணக்கு. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5,000 ஆல் வகுத்து, வருகிற எண்ணைக் கிலோவாகப் பாவித்து விலை போடுவது அவர்களில் பலருடைய வழக்கம். அப்படிப் பார்த்தால், 20 கிலோ பானெட் 84 கிலோ ஆகிவிடுகிறது! அதில் 64 கிலோ வெறும் காற்று. காற்றுக்குக் கூலி கொடுக்க யாருக்குத்தான் மனம் வரும்? லாரிக் கம்பெனிகளோ ஒற்றைச் சாமானைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே கதவும், மட்கார்டும், பம்பரும், கியர் பாக்ஸும் பஸ்ஸை நாடி வந்தன.

அனுப்புகிறவர்களும் இதை ஒரு கலையாகவே பயின்றிருந்தார்கள். எஞ்ஜின், கியர் பாக்ஸ் ஆகியவற்றிலிருந்து எண்ணெயைச் சொட்டு விடாமல் வடிக்க வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த பெட்டியிலுள்ள பட்டுத்துணி பாழாகும். கியர் பாக்ஸைப் பழைய டயர் ஒன்றுக்குள் உட்கார வைத்துக் கட்டினால், கீழே போட்டாலும் அடிபடாது. கதவிலிருந்து கண்ணாடியைக் கழற்றிவிட வேண்டும். திருகாணிகளைச் சிறு பையிலிட்டுக் கதவோடு சேர்த்துக் கட்ட வேண்டும். மூலைகளுக்கு நாலு மடங்கு அட்டை வைக்க வேண்டும். ஏனெனில் தகட்டுச் சாமானுக்கு மூலைதான் உயிர்நிலை. பெயரையும் விலாசத்தையும் இரண்டு பக்கங்களிலும் எழுத வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, நடுவில் பஸ் மாறாத தடமாகப் பார்க்க வேண்டும். ஓடும்போது சாமானுக்கு ஆபத்து குறைவு. இறக்கி ஏற்றும்போதுதான் ஆபத்து.

உப்பும் துருவும்

கனடாவின் கிழக்கு மாகாணங்களில் குளிர் காலத்தில் சாலையிலுள்ள பனிக்கட்டியைக் கரைப்பதற்கு உப்பைக் கொட்டுகிறார்கள். அந்த உப்புநீர் காரின் அடித்தகட்டையும் கதவின் கீழ் விளிம்பையும் அரித்துத் தின்றுவிடுகிறது. மேற்கே கோதுமை விளையும் சமவெளிகளிலோ காற்று வறண்டது. அன்றியும் அங்கே அடிக்கிற கடுங்குளிரில் உப்பின் சக்தி செல்லாது. ஆகவே அங்கே உப்புக்குக் கிராக்கி குறைவு. பழைய கார்களுக்கு ஆயுள் அதிகம். பழங் கார்களைப் பழுது பார்த்துக் காப்பாற்றுவதில் பற்றுள்ளவர்கள், மேற்குச் சமவெளியிலிருந்து துருவேறாத கதவுகளைத் தருவித்துக்கொள்வார்கள்.

வேளை தவறாத வண்டி

அந்தச் சமவெளி மாகாணங்களில் ஒன்று சஸ்காட்சுவான். பரப்பளவில் நம் தமிழ்நாட்டைப் போல் ஐந்து மடங்கு. ஜனத்தொகையோ 2021-ஆம் வருஷத்துக் கணக்குப்படி சுமார் 11 லட்சந்தான். ஊருக்கும் ஊருக்கும் நடுவே கண்ணுக்கெட்டிய வரையில் கோதுமை வயல். தனி முதலாளி எவரும் அங்கே எல்லா ஊருக்கும் பஸ் விட முன்வர மாட்டார். 1946-ஆம் வருஷத்தில், டாமி டக்ளஸ் என்பவருடைய தலைமையிலிருந்த மாகாண சர்க்கார், சஸ்காட்சுவான் போக்குவரத்துக் கம்பெனி என்ற பெயரில் பஸ் தொழிலைத் தானே ஏற்று நடத்தியது. முடிவில் அது 253 ஊர்களைத் தொட்டுச் சென்றது.

சிற்றூரில் பஸ் நிலையம் என்று தனியாக ஒன்று இராது. பெட்ரோல் கடைக்காரரோ மளிகைக் கடைக்காரரோதான் ஏஜெண்டு. பட்டணத்து மொத்தக் கடையில் காலையில் டெலிபோனில் கேட்ட சாமான், பஸ் போகும் தடமானால், அன்று மாலையோ மறுநாளோ அந்தக் கடை வாசலில் வந்து இறங்கிவிடும். அறுவடைக் காலத்தில் இயந்திரம் உடைந்து நிற்கிற குடியானவருக்கு இதன் அருமை தெரியும். வயலில் கோதுமை முற்றி நிற்கிறது. வானத்தில் மேகம் கறுக்கிறது. ஒரு பல்சக்கரம் வர வேண்டும். மழைக்கும் பஸ்ஸுக்கும் பந்தயம்! பஸ் ஜெயித்தால் குடும்பத்துக்கு ஒரு வருஷச் சாப்பாடு.

கணக்குப் புத்தகம் சொன்ன தீர்ப்பு

ஆனால் காலம் மாறிற்று. வீட்டுக்கு வீடு கார் வந்தது. 1980-ஆம் வருஷத்தில் ஏறக்குறைய 8 லட்சம் பேர் ஏறிய அந்தச் சர்க்கார் பஸ்ஸில், 2016-இல் ஏறியவர்கள் 2 லட்சத்துக்கும் குறைவு. 27 தடங்களில் இரண்டில்தான் இலாபம் என்றும், மேலும் ஐந்து வருஷம் நடத்தினால் 8.5 கோடி டாலர் மானியம் கொடுக்க நேரும் என்றும் மாகாண சர்க்கார் கணக்குக் காட்டியது. 2017-ஆம் வருஷம் மே மாதம் 31-ஆம் தேதியோடு, 71 வருஷம் ஓடிய பஸ் நின்றது.

அதைப் பின்பற்றியதுபோல் கிரேஹௌண்டும் விலகியது. 2010-க்குப் பிறகு கனடாவில் பிரயாணிகள் 41 சதவிகிதம் குறைந்துவிட்டார்கள் என்று சொல்லி, 2018 அக்டோபர் கடைசியில் மேற்கு மாகாணங்களில் தன் பஸ்களை நிறுத்தியது. 2021-ஆம் வருஷம் மே மாதத்தில் கனடாவுக்குள் ஓடிய எஞ்சிய பஸ்களையும் நிறுத்திவிட்டது. விற்காத காரில் பிறந்த பஸ்ஸை, விற்றுத் தீர்ந்த கார்கள் வந்து வீழ்த்தின! அந்தக் கார்களின் கதவு நசுங்கினால் மாற்றுக் கதவைக் கொண்டுவந்து கொடுத்த வண்டியும் அதோடு போயிற்று.

சர்க்காரின் கணக்குப் பொய் என்று நாம் சொல்லவில்லை. பொது ஜனங்களின் பணத்துக்குக் கணக்குப் பார்ப்பது சர்க்காரின் கடமை. ஆனால் அந்தக் கணக்கில் ஏறாத செலவுகளும் உண்டு. பஸ் நின்ற பிறகு, ஒரு கதவுக்காகவோ பல்சக்கரத்துக்காகவோ குடியானவர் தாமே முந்நூறு, நானூறு கிலோமீட்டர் காரோட்டிப் போய் வர நேர்கிறது. அவருடைய பெட்ரோலும், ஒரு நாள் வேலையும் யாருடைய புத்தகத்தில் பற்று எழுதப்படுகின்றன? கார் ஓட்டத் தெரியாத கிழவியும், பட்டணத்து ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டிய நோயாளியும் எந்தப் பக்கத்தில் எழுதப்படுகிறார்கள்? சர்க்காரின் நஷ்டம் மறைந்துவிடவில்லை. சில்லறை சில்லறையாகக் கிராமத்து வீடுகளின் மீது இறங்கிவிட்டது.

இன்னொன்றும் கவனிக்கத் தக்கது. ஆள் இருந்ததால் சுமை மலிவாகப் போயிற்று. சுமை கொடுத்த வருமானத்தால் ஆளுக்கும் பஸ் ஓடிற்று. ஒன்றையொன்று தாங்கி நின்ற இரண்டு தூண்கள் அவை. ஒன்று சாயும்போது மற்றொன்று மட்டும் எப்படி நிற்கும்?

நாம் செய்ய வேண்டியது

நம் நாட்டில் இன்னும் அந்த நிலை வரவில்லை. நம் பஸ்களில் ஆசனம் காலியில்லை, நிற்கத்தான் இடமில்லை! கர்நாடகத்தில் 2021-ஆம் வருஷம் அரசாங்கப் பஸ்களில் 'நம்ம கார்கோ' என்ற பெயரில் சுமை ஏற்ற ஆரம்பித்தார்கள். தமிழ்நாட்டின் அரசு விரைவுப் போக்குவரத்துக் கழகமும் 2022 ஆகஸ்டில், தொலைதூரப் பஸ்களின் சாமான் அறைகளை வாடகைக்கு விடத் தொடங்கியது. இது நல்ல யோசனை என்பதில் தடையில்லை. ஆனால் தொடங்கினால் மட்டும் போதாது. சாமானை நோகாமல் ஏற்றி இறக்க ஆள் வேண்டும். தொலைந்தால் பதில் சொல்ல ஓர் அதிகாரி வேண்டும். பெரிய பட்டணங்களோடு நின்றுவிடாமல், சிறிய ஊரின் மெக்கானிக்குக்கும் குடியானவருக்கும் எட்டவேண்டும். வீட்டுக்கு வீடு கார் வந்துகொண்டிருக்கும் இந்த நாளில்தான் இவற்றையெல்லாம் செய்துகொள்ள வேண்டும். பஸ் காலியான பிறகு யோசிப்பதில் பயனில்லை.

அன்று காலையில், அந்த இளைஞர் கதவைச் சைக்கிள் ரிக்ஷாவில் படுக்க வைத்து, தாமும் ஒரு கையால் அணைத்துப் பிடித்துக்கொண்டு புறப்பட்டார். கிளீனர், "வண்டி ஓடினதும் சொல்லு, தம்பி!" என்று கூவினார். பஸ் அடுத்த ஊருக்குக் கிளம்பிற்று. அதன் வயிற்றில் இன்னும் எத்தனையோ வீடுகளின் காரியம் இருந்தது.

நஷ்டக் கணக்கு எழுதுகிறவர்கள் பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்து ஆசனங்களை எண்ணட்டும். வேண்டாமென்று யார் சொன்னார்கள்? ஆனால் எண்ணி முடித்ததும், சற்றே குனிந்து அடியிலும் ஒரு முறை பார்த்துவிட்டுப் பிறகு பேனாவை எடுக்கட்டும் என்பதே நம்முடைய கோரிக்கை.