கார்னரில் ஒளிந்திருக்கும் கோல்

தியாகதுருகம் மலைக்கோட்டை அடிவாரமோ எந்த ஊர்த் திடலோ, சின்னப் பையன்கள் பந்தாடுவதைப் பாருங்கள். பந்து போகும் பக்கமே எல்லோரும் ஓடுவார்கள், பலாச்சுளையில் ஈ மொய்த்த மாதிரி. தாக்குதல் ஆட்டத்தின் கணக்கே வேறு: பந்து இல்லாதவன் ஓடித்தான் இடம் உண்டாக்க வேண்டும்.

2018 மார்ச் 17, பெங்களூரில் இந்தியன் சூப்பர் லீக் (ஐஎஸ்எல்) கால்பந்து இறுதிப் போட்டி. 9ஆவது நிமிடத்திலேயே சுனில் சேத்ரி பெங்களூருக்கு கோல் போட்டுவிட்டார். சென்னையின் எஃப்சிக்காக அடுத்த இரண்டு கோல்களை அடித்தவர் முன்கள வீரரல்ல, தடுப்பாட்டக்காரர் மைல்சன் ஆல்வெஸ். இரண்டுமே கார்னர், இரண்டுமே தலைமுட்டு.

தடுக்க வேண்டியவருக்கு அங்கே என்ன வேலை? நெட்டை ஆள், எதிராளியின் பந்தைத் தலையால் முட்டித் தள்ளுவதே அவர் தொழில். கார்னரிலிருந்து நேராக வரும் பந்துக்கு ஆஃப்சைடும் கிடையாது. கோல்கீப்பரின் மூக்குக்கு முன்னாலேயே நிற்கலாம்.

ஆனால் நிற்கக் கூடாது, அதுதான் சூட்சுமம். நின்றபடி குதிப்பவரைவிட ஓடிவந்து குதிப்பவர் உயரமாக எழும்புவார். தடுப்பவருக்கோ பந்து ஒரு பக்கம், ஆள் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒருசேரப் பார்க்க முடியாது. அவர் பந்தைப் பார்க்கத் திரும்பும் அரை விநாடியில் ஆள் நழுவிவிடுவார். போதாததற்கு, சுழற்றி உதைத்த பந்து காற்றை ஒரு பக்கமாகத் தள்ளி, தான் மறுபக்கம் வளையும்.

அன்று சென்னை 3-2 என்று கோப்பையைத் தூக்கியது.