மருந்துக்குக் கேட்காத ஆஸ்பத்திரிக் கிருமி

போலகம் ஊரில் காய்ச்சல் என்றால் பலரும் முதலில் போவது மெடிக்கலுக்கு. "அண்ணே, போன தடவ குடுத்தீங்களே, அதுலயே நாலு குடுங்க." காய்ச்சல் விட்டதும் மிச்ச ஆன்டிபயாடிக் மாத்திரை அலமாரிக்குப் போய்விடும். சளிக்காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது. ஆன்டிபயாடிக் அதைத் தொடவே தொடாது. மாறாக, அதைச் சாப்பிட்டால் குடலில் சும்மா கிடக்கும் பாக்டீரியாக்களில் மருந்தை எதிர்க்கத் தெரிந்தவை மட்டும் பிழைத்துப் பெருகும். பின்னொரு நாள் அறுவை சிகிச்சைக்குக் காரைக்காலிலோ தஞ்சாவூரிலோ படுக்கும்போது அவையும் நம்மோடு வார்டுக்குள் வருகின்றன.

தரமணியிலிருந்து வந்த செய்தி

இப்படி மருந்தை எதிர்க்கும் பாக்டீரியாக்கள் பற்றி 2010 ஆகஸ்டில் லான்செட் குழும மருத்துவ இதழில் வந்த ஆய்வின் முதல் ஆசிரியர் கார்த்திகேயன் குமாரசாமி, சென்னைப் பல்கலைக்கழகத்தின் தரமணி வளாகத்தில் பணியாற்றியவர். அந்த ஆய்வில் என்டிஎம்-1 என்ற மரபணு கொண்ட பாக்டீரியாக்கள் சென்னையில் 44, ஹரியானாவில் 26, பிரிட்டனில் 37 கிடைத்தன. மெரோபெனம் போன்ற வலுவான ஊசி மருந்தையே உடைக்கும் நொதியை இந்த மரபணு உருவாக்குகிறது. பெயரில் உள்ள ‘என்டி’ நியூ டெல்லியைக் குறிப்பதால் அன்று பெரிய சர்ச்சை எழுந்தது. என்னை அதிகம் கவலைப்படுத்துவது வேறு: இந்த மரபணு ஓர் இனக் கிருமியிலிருந்து வேறோர் இனத்துக்கும் தாவும். அப்புறம் மிஞ்சுவது கோலிஸ்டின் போன்ற ஓரிரு மருந்துகள்தான். கோலிஸ்டினோ சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது.

கை வழியே, குழாய் வழியே

கிளெப்சியெல்லா, அசினெட்டோபாக்டர் போன்ற பாக்டீரியாக்கள் ஐசியு-வில் வென்டிலேட்டர், சிறுநீர்க் குழாய், டிரிப்ஸ் ஊசி வழியே உடலுக்குள் இறங்கும். ஒரு படுக்கையிலிருந்து அடுத்த படுக்கைக்கு அவற்றைக் கொண்டுபோவது பெரும்பாலும் மனிதக் கைகள். நலம் விசாரிக்க ஊரே போகிறோம். கட்டிலில் உட்கார்ந்து கையைப் பிடித்துப் பேசுகிறோம். பாசம்தான், ஆனால் கை கழுவிவிட்டுத் தொடுங்கள். கட்டிலில் உட்கார வேண்டாம். சிறுநீர்ப் பை தரையில் கிடந்தால் நர்ஸிடம் சொல்லுங்கள். அது இடுப்புக்குக் கீழே, தரையில் படாமல் தொங்க வேண்டும்.

சீட்டு இல்லாமல் வேண்டாம்

2014 மார்ச் முதல் நடப்பில் உள்ள, மருந்து விதிகளின் எச்1 அட்டவணைப்படி, பல ஆன்டிபயாடிக்குகளை டாக்டர் சீட்டின்றி விற்கக் கூடாது. விற்றதைக் கடைக்காரர் பதிவேட்டில் எழுதி 3 ஆண்டு வைத்திருக்க வேண்டும். சட்டம் இருந்தும் கேட்பவர் கேட்டால் கொடுப்பவர் கொடுக்கிறார். மாத்திரை அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டில்லாமல் கேட்காதீர்கள். டாக்டர் எழுதினால், "இது ஆன்டிபயாடிக்கா, எத்தனை நாள் சாப்பிடணும்?" என்று கேட்டு, அத்தனை நாளும் சாப்பிடுங்கள். அலமாரியில் கிடக்கும் பழைய மாத்திரையை யாருக்கும் கொடுக்காதீர்கள்.