பணம் கழிந்தது, போய்ச் சேரவில்லையா?

குமரி மாவட்டத்துக் கருங்கல் சந்தையில் மீன் வாங்கிவிட்டு யூபிஐ வழியாகப் பணம் அனுப்புகிறோம். நம் கணக்கில் கழிந்ததாகக் குறுஞ்செய்தி வந்துவிடுகிறது. விற்கிற அம்மாவோ தன் போனைப் பார்த்துவிட்டு, "பைசா கேறல்லியே மக்களே" என்கிறார். செயலியைத் திறந்தால், 'ஏதோ தவறு நேர்ந்துவிட்டது, பிறகு முயலவும்' என்ற ஒற்றை வரி. பின்னால் வரிசை நிற்கிறது. பலர் அந்த அவசரத்தில் மறுபடியும் பணம் அனுப்பிவிடுகிறார்கள். முதலில் போனதைத் தேடுவதும் இல்லை. அந்தத் தொகையை விட்டுவிடத் தேவையே இல்லை.

'ஏதோ தவறு' என்பது நமக்குக் காட்டுகிற வாசகம்தான். உள்ளே ஒவ்வொரு தவறுக்கும் குறியீடு உண்டு. இசட்9 என்றால் கணக்கில் போதிய பணம் இல்லை, இசட்எம் என்றால் பின் எண் தவறு. எத்தனை மணிக்கு, எவ்வளவு தொகை, எந்த வங்கியில் நின்றது என்பதெல்லாம் 'லாக்' எனப்படும் பதிவில் ஏறிவிடும். இந்தப் பதிவுகளை 180 நாள் பத்திரமாக வைத்திருக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் 28 அன்று மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் பிறப்பித்த உத்தரவு. ஆகவே "எங்க சிஸ்டத்துல ஒண்ணும் காட்டலையே" என்று வங்கியில் சொன்னால் எழுந்து வந்துவிடாதீர்கள். செயலியின் பரிவர்த்தனை விவரத்தில் 12 இலக்க யூபிஐ எண் ஒன்று இருக்கும். அதை எழுதிக்கொடுத்துத் தேடச் சொல்லுங்கள். காரணத்தையும் அடுத்த வழியையும் தமிழிலேயே சொல்லாமல் ஒரு வரியில் கைகழுவுகிற செயலி, பணம் கட்டுகிறவருக்கு அநியாயம் செய்கிறது.

உரிமை என்ன? ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பர் 20 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை தெளிவாகச் சொல்கிறது. ஒருவர் இன்னொருவருக்கு அனுப்பிய யூபிஐ பணம் போய்ச் சேராவிட்டால், மறுநாளுக்குள் தானாகத் திரும்பி வர வேண்டும். கடைக்குக் கட்டியதென்றால் 5 நாள் அவகாசம். அதைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு, அதுவும் நாம் புகார் கொடுக்கும்வரை காத்திராமல் தர வேண்டியது. சந்தையில் பலர் சொந்தக் கணக்கின் க்யூஆர் அட்டையையே வைத்திருப்பதால், அங்கே பெரும்பாலும் மறுநாள் கணக்குத்தான். நாமே எண்ணை மாற்றிப் போட்டு வேறொருவருக்கு அனுப்பிவிட்டால் இந்த இழப்பீடு கிடையாது.

பணம் தொங்கலில் நிற்கும்போது நிலவரத்தை விடாமல் தட்டிப் பார்ப்பதால் பயனில்லை. 2025 ஏப்ரல் 12 அன்று நாடெங்கும் யூபிஐ முடங்கியதற்கே, சில வங்கிகள் 'அந்தப் பணம் என்ன ஆச்சு' என்று திரும்பத் திரும்ப அனுப்பிய வினவல்கள் குவிந்ததுதான் காரணமாகச் சொல்லப்பட்டது.

பெரிய ஆபத்து இதற்குப் பிறகுதான். பதற்றத்தில் கூகுளில் 'கஸ்டமர் கேர்' எண் தேடுகிறோம். அங்கே மோசடிக்காரர்கள் போட்டுவைத்த எண்களும் கிடக்கும். "ரீஃபண்ட் தர்றோம், ஒரு ஆப் இறக்குங்க" என்பார்கள். இறக்கினால் நம் போன் திரை அவர்கள் கையில். ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எனிடெஸ்க் செயலியின் பெயரைச் சொல்லி இதை எச்சரித்தது. நம் கணக்குக்குப் பணம் வர பின் எண்ணோ ஓடிபியோ தேவையே இல்லை. கேட்டால் அழைப்பைத் துண்டியுங்கள். ஏமாந்திருந்தால் உடனே 1930 என்ற இணையக் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். வங்கியிடம் கோபப்பட்டு ஸ்கிரீன்ஷாட்டைச் சமூக வலைத்தளத்தில் போடுவதும் இதே ஆட்களுக்கு நம்மைக் காட்டிக்கொடுக்கும்.

முன்பு சொன்ன லாக் பதிவுகளை வைத்திருக்கிற நிறுவனங்களுக்கும் பொறுப்பு உண்டு. பயனர்களின் கடவுச்சொற்கள் மறைக்கப்படாமல் உள் லாக்கில் பதிவாகிவிட்டதாக 2018 மே மாதம் ட்விட்டரே ஒப்புக்கொண்டு, அனைவரையும் மாற்றச் சொன்னது. பிழையைப் பதிய வேண்டும், ரகசியத்தைப் பதியக் கூடாது.

புகாரை முதலில் செயலிக்குள்ளேயே பதியுங்கள், பிறகு உங்கள் வங்கிக்கு எழுத்தில் கொடுத்துப் புகார் எண் வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டாலோ பதில் நியாயமாகப் படாவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். விவரம் கேட்க 14448. நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. 5 லட்சம் ரூபாய்வரை அங்கே மனுக் கட்டணம் இல்லை.