கம்ப்யூட்டர் ஆலோசகரை அமர்த்தும் முன் வியாபாரி அறிய வேண்டியவை



அடியேன் பழைய எஸ்.எஸ்.எல்.சி. படித்தவன். பருப்பு, வத்தல், மல்லி மொத்த வியாபாரம். கம்ப்யூட்டர் பற்றி எழுத எனக்கு என்ன தகுதி என்று கேட்கலாம். ஒரு தடவை கைச்சேதப்பட்டு, மறு தடவை பயன் கண்டவன் என்ற தகுதி ஒன்றுதான். சங்கக் கூட்டங்களில் இளைய வியாபாரிகள் பலர், "அண்ணாச்சி, எக்செல் போட்டால் போதுமா, தனியாக ஆள் வைத்து சாஃப்ட்வேர் எழுத வேண்டுமா?" என்று கேட்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் மண்டியில் நடந்தது

1998ல் ஒரு தம்பியை அமர்த்தி, ஃபாக்ஸ்புரோவில் எங்கள் மண்டிக்கென்று ஒரு புரோகிராம் எழுதி வாங்கினேன். பில் அடித்தது, பாக்கி காட்டியது. ஆறு மாதத்தில் மகிழ்ந்துபோய்ப் பேரேடு எழுதுவதையே நிறுத்திவிட்டேன். 2001ல் ஒருநாள் ஹார்டு டிஸ்க் பழுதாகி நின்றது. தம்பி வெளிநாடு போய்விட்டார். புரோகிராமின் மூலப் பிரதியோ பாஸ்வேர்டோ நான் கேட்டு வாங்கவில்லை. ஃப்ளாப்பியில் எடுத்து வைத்த நகலைத் திறந்து பார்த்தால் எதுவும் இல்லை. ஒருநாளாவது அதைச் சோதித்துப் பார்த்திருக்க வேண்டும். குற்றம் பாதிக்கு மேல் என்னுடையதுதான்.

பழைய பில் கட்டுகளைப் பிரித்து வைத்து, பாக்கியை ஒவ்வொன்றாகத் திரட்டினோம். அப்போது இருபது வருடப் பழக்கமுள்ள ஒரு கிராமத்துக் கடைக்காரரிடம் 18,400 ரூபாய் பாக்கி என்று கேட்டுவிட்டேன். அவர் கோபப்படவில்லை. மறுநாள் பஸ் ஏறி வந்து, துணிப்பையிலிருந்து எங்கள் கையெழுத்துப் போட்ட ரசீதை எடுத்துக் காட்டினார். பிறகு மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போய்விட்டார். இரண்டு வருடம் எங்கள் மண்டிக்கு வரவில்லை. நான் அவர் கடைக்கே போய்க் கைகூப்பி நின்ற பிறகுதான் வந்தார். வியாபாரத்தில் பணத்தை விட முதல், வாக்கு. கணக்கு கெட்டால் வாக்கு கெடும் என்பதை அன்று கற்றுக்கொண்டேன்.

ஸ்பிரெட்ஷீட் என்ன, டேட்டாபேஸ் என்ன?

ஸ்பிரெட்ஷீட் என்பது கோடு போட்ட பெரிய தாள். ஒரு கட்டத்தில் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த கூட்டல், பெருக்கல் எல்லாம் தானே மாறும். 1979ல் அமெரிக்காவில் டான் பிரிக்லின், பாப் ஃபிராங்ஸ்டன் என்ற இருவர் கொண்டுவந்த விசிகால்க்தான் இந்த வரிசையில் முதல். கரும்பலகையில் ஓர் எண் மாறினால் ஆசிரியர் மற்ற எல்லா எண்களையும் அழித்து எழுத வேண்டியிருந்ததைப் பார்த்து, மாணவராக இருந்த பிரிக்லினுக்கு இந்த யோசனை வந்ததாம். பின்னர் 1983ல் லோட்டஸ் 1-2-3 வந்தது, 1985ல் எக்செல் வந்தது.

டேட்டாபேஸ் என்பது ஒன்றோடொன்று கோத்த பல பேரேடுகள். வாடிக்கையாளர் பெயர் ஓர் ஏட்டில், சரக்கு ஓர் ஏட்டில், பில் ஓர் ஏட்டில் இருக்கும். ஒருவருடைய விலாசத்தை ஓரிடத்தில் திருத்தினால் எல்லாப் பில்லுக்கும் அதுவே வரும். இருவர் மூவர் ஒரே நேரத்தில் பதிவு செய்யலாம். ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாமல் அழித்துவிட முடியாது.

ஒரே ஆள் கணக்கு எழுதும் மளிகைக் கடைக்கு ஸ்பிரெட்ஷீட் தாராளம். இரண்டு பேர் பில் போடும் கடைக்கும், குடோன் தனியாக உள்ள மொத்த வியாபாரத்துக்கும் டேட்டாபேஸ் வேண்டும். அதற்கும் புதிதாக எழுதி வாங்க வேண்டும் என்பதில்லை. டேலி போன்ற ஆயத்த சாஃப்ட்வேர்கள் உள்ளன. 1986ல் பெங்களூரில் ஒரு தொழில் குடும்பம் தன் சொந்தக் கணக்குக்குத் தோதான சாஃப்ட்வேர் கிடைக்காமல், மகனைக் கொண்டு எழுத வைத்ததில் பிறந்ததே டேலி. முதலில் ஆயத்தச் சட்டையைப் போட்டுப் பாருங்கள். பொருந்தாத இடத்துக்கு மட்டும் தையல்காரரைக் கூப்பிடுங்கள்.

லாபம் எங்கே ஒளிந்திருக்கிறது?

கணக்கு ஒழுங்கானால் என்ன மிச்சம்? ஒரு பேச்சுக்கு, 50 கிலோ பருப்பு மூட்டை 5,000 ரூபாய்க்கு வாங்கி 5,200க்கு விற்கிறோம். 200 ரூபாய் லாபம் என்று நினைக்கிறோம். லாரி வாடகையும் ஏற்று இறக்கு கூலியும் 60 ரூபாய். எடைக்குறைவு அரை கிலோ. நிறையைச் சரிக்கட்ட 50 ரூபாய். மிஞ்சுவது 90. கடனுக்குக் கொடுத்தால் 5,200க்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் மாதம் 52 ரூபாய். 30 நாளில் பணம் வந்தால் மிச்சம் 38 ரூபாய். 60 நாளானால் வட்டி 104. அதாவது 14 ரூபாய் நஷ்டம். மூட்டை விற்றது, நஷ்டமும் நம்முடையது!

இந்தக் கணக்கு நம் எல்லோருக்கும் மனதில் தெரியும். ஆனால் 200 வாடிக்கையாளருக்கும் 60 சரக்குக்கும் மனதில் போட முடியாது. பாக்கியை 30 நாள், 60 நாள், 90 நாள், அதற்கு மேல் என்று நான்கு பத்தியாகப் பிரித்துக் காட்டும் ஒரே ஒரு தாள், வாராவாரம் சனிக்கிழமை கையில் வந்தால் போதும். 10 லட்ச ரூபாய் வசூலை ஒரு மாதம் முன்கூட்டிக் கொண்டுவந்தால், அதே வட்டிக் கணக்கில் 10,000 ரூபாய் மிச்சம். ஆலோசகரிடம் முதலில் கேட்க வேண்டியது இந்தத் தாளைத்தான். வண்ணப் படங்கள் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

எண்கள் ஏமாற்றும் இடங்கள்

எக்செல் நல்ல வேலைக்காரன். ஆனால் கேட்காததையும் செய்வான். பருப்புக்கு எச்.எஸ்.என். 0713, வத்தலுக்கு 0904, மல்லிக்கு 0909, மஞ்சளுக்கு 0910. நம் சரக்கெல்லாம் பூஜ்யத்தில்தான் தொடங்குகிறது. அந்தக் கட்டத்தை எழுத்து வகை என்று முன்கூட்டிக் குறிக்காவிட்டால் முதல் பூஜ்யம் விழுந்து 713 என்று நிற்கும். தேதியும் அப்படித்தான். அமெரிக்க முறையில் அமைந்த கம்ப்யூட்டரில் 5-6 என்றால் மே 6 ஆகிவிடும். 15 இலக்கத்துக்கு மேற்பட்ட எண்ணைப் போட்டால் கடைசி இலக்கங்கள் பூஜ்யமாகும்.

பெரிய இடங்களும் தப்பவில்லை. 2020ல் இங்கிலாந்தின் பொது சுகாதார அமைப்பில், பழைய வகை எக்செல் கோப்பில் 65,536 வரிசைக்கு மேல் இடமில்லாததால், 15,841 கொரோனா நோயாளிகளின் விவரம் உரிய நேரத்தில் கணக்கில் சேராமல் போயிற்று. புதிய வகைக் கோப்பில் 10,48,576 வரிசை உண்டு. ஆனாலும் பாடம் ஒன்றுதான்: உள்ளே போன பில் எத்தனை, வெளியே வந்தது எத்தனை என்று தினமும் ஒப்பிட வேண்டும்.

வரி விகிதத்தை ஒவ்வொரு சூத்திரத்துக்குள்ளும் எழுதி வைக்கும் ஆலோசகரை ஏற்காதீர்கள். 2007 ஜனவரியில் நம் மாநிலத்துக்கு வாட் வந்தது, 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, 2025 செப்டம்பர் 22 முதல் நெய், சோப்பு, பற்பசை போன்றவை 5 சதவீதத்துக்கு இறங்கின. விகிதங்கள் தனி அட்டவணையில், நடைமுறைத் தேதியோடு இருந்தால் ஓர் இரவில் மாற்றலாம். இல்லையென்றால் மறுபடி ஆலோசகருக்குக் கூலி.

கணக்குப்பிள்ளையே முதல் ஆலோசகர்

2017ல் ஜி.எஸ்.டி.க்காக இரண்டாம் முறை ஆலோசகர் ஒருவரை அமர்த்தினேன். அவர் நான்கு நாள் கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. எங்கள் கணக்குப்பிள்ளை பக்கத்தில் உட்கார்ந்து, சிட்டை எப்படி எழுதுகிறார், பேரேட்டில் எப்படி ஏற்றுகிறார் என்று பார்த்துக்கொண்டே இருந்தார். கணக்குப்பிள்ளைக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. "முதலாளி, இந்தப் பெட்டி வந்துட்டா எனக்கு என்ன வேலை?" என்று கேட்டுவிட்டார். "அண்ணாச்சி, பெட்டிக்குச் சொல்லிக் கொடுக்க உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?" என்றேன்.

அது முகஸ்துதி இல்லை. ஒரே கடை எங்கள் ஏட்டில் முதலாளி பெயரில் ஒரு பக்கம், ஊர்ப் பெயரில் ஒரு பக்கம், மகன் பெயரில் ஒரு பக்கம் என்று மூன்று இடத்தில் இருந்தது. இது அவர் ஒருவருக்குத்தான் தெரியும். கம்ப்யூட்டர் அதை மூன்று கடையாகவே எண்ணியிருக்கும். அவர் சொல்லச் சொல்ல, பதிவுள்ள கடைக்கு 15 இலக்க ஜி.எஸ்.டி. எண்ணையும், பதிவில்லாத கடைக்கு செல்போன் எண்ணையும் அடையாளமாக வைத்து ஒன்றுசேர்த்தார்கள். கணக்குப்பிள்ளை மூன்று மாதத்தில் தானே பாக்கித் தாள் எடுக்கத் தொடங்கிவிட்டார்.

ஆலோசகரிடம் பேச வேண்டியவை

1. அவர் வேலை செய்து கொடுத்த இரண்டு கடைகளுக்கு நேரில் போய், கல்லாவில் இருப்பவரிடம் விசாரியுங்கள். முதலாளி சொல்வதை விட அவர் சொல்வதே சரியாக இருக்கும்.

2. என்னென்ன தாள்கள் வர வேண்டும், எத்தனை நாளில், என்ன தொகை என்று எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். பணத்தை மூன்று தவணையாகக் கொடுங்கள். கடைசித் தவணை, ஒரு மாதக் கணக்கு பைசா பிசகாமல் பேரேட்டோடு ஒத்த பிறகு.

3. கோப்புகள், மூலப் பிரதி, பாஸ்வேர்டு எல்லாம் கடைக்குச் சொந்தம் என்று எழுத்தில் இருக்கட்டும். பாஸ்வேர்டை உறையிலிட்டுப் பெட்டகத்தில் வையுங்கள்.

4. பழைய ஏட்டை உடனே நிறுத்தாதீர்கள். குறைந்தது மூன்று மாதம் இரண்டும் ஓடட்டும்.

5. நகல் மூன்று வேண்டும்: கடையில் ஒன்று, வீட்டில் பென் டிரைவில் ஒன்று, இணையத்தில் ஒன்று. மாதம் ஒருமுறை நகலைத் திறந்து பாருங்கள். ஜி.எஸ்.டி. சட்டப்படி ஆண்டு அறிக்கைக்கான கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்கைப் பாதுகாக்க வேண்டும்.

6. நம் வாடிக்கையாளர் பட்டியலும் பாக்கியும் கடை ரகசியம். வேறு எவருக்கும் காட்டக்கூடாது என்று ஒரு வரி சேருங்கள். வேலை முடிந்ததும் பாஸ்வேர்டை மாற்றுங்கள்.

7. கடைப் பையன்கள் இருவருக்காவது பயிற்சி தர வேண்டும். ஒருவருக்கு மட்டும் தெரிந்த கணக்கு, ஒருவருக்கும் தெரியாத கணக்குக்குச் சமம்.

தனியாகச் செலவு செய்ய இயலாத சிறு கடைக்காரர்கள், ஒரே தெருவில் ஐந்தாறு பேர் சேர்ந்து ஓர் ஆலோசகரை அமர்த்தலாம். மளிகைக் கடைக்குரிய தாள் எல்லோருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். செலவு பங்காகும், அவரவர் கணக்கு அவரவரிடமே இருக்கும்.

அந்தக் கிராமத்துக் கடைக்காரருக்கு இப்போது வயது எண்பதைத் தாண்டிவிட்டது. மகன்தான் சரக்கெடுக்க வருகிறார். மாதம் ஒன்றாம் தேதி பற்று வரவுத் தாளை நாங்களே அனுப்பிவிடுகிறோம். போன தீபாவளிக்கு அப்பாவும் கூட வந்திருந்தார். தாளைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தார். "சரியா இருக்கு அண்ணாச்சி" என்றார். எனக்கு அது போதும்.