கரையிலிருந்து வீசும் காற்று

யாழ்ப்பாணக் குடாநாட்டில் எவ்வூரிலிருந்து நடக்கத் தொடங்கினாலும் ஒரு பகற்பொழுதுக்குள் கடலைக் கண்டுவிடலாம். அவ்வாறிருந்தும் கடலை அறியாதார் நம்மிடையே எத்தனை பேர்! தோட்டமும் துரவும், பள்ளியும் பரீட்சையுமாக வளர்ந்த நாமும் அத்தொகையிற் சேர்ந்தவரே. கடல் என்பது நமக்கு ஆடி அமாவாசையன்று தலை முழுகும் இடம். மற்ற நாள்களில், தேசப்படத்திலே நீல மை தீட்டும் பரப்பு.

நாம் கல்லூரியிற் புவியியல் கற்பிப்பவர். தென்மேற் பருவக்காற்று, வடகீழ்ப் பருவக்காற்று எனக் கரும்பலகையில் அம்புக்குறியிட்டுக் காட்டத் தொடங்கி இருபது வருடங்கள் சென்றுவிட்டன. இக்காற்றுகளையே கடற்கரை மக்கள் சோளகம் என்றும் வாடை என்றும் வழங்குவர். கிழக்கிலிருந்து வருவது கொண்டல். மேற்கிலிருந்து வருவது கச்சான். இப்பெயர்களை நாமும் அறிவோம். பெயரை அறிவது வேறு, காற்றை அறிவது வேறு என்பதைச் சென்ற ஆவணியிலேதான் கற்றோம். அக்கதையைச் சொல்லுமுன் வடமராட்சிக் கரையைப் பற்றிச் சிறிது கூறவேண்டும்.

தைப்பொங்கலன்று பிற்பகல் வல்வெட்டித்துறை உதயசூரியன் கடற்கரைக்கு ஒருமுறையேனும் சென்றவர்கள் அக்காட்சியை மறக்கமாட்டார்கள். அது வாடைக்காலம். காற்றுக் கடலிலிருந்து ஊரை நோக்கி வீசும். ஆதலால் பட்டம் விடுவோர் கடலுக்கு முதுகு காட்டி நிற்பர். பட்டங்கள் பனைகளுக்கும் கூரைகளுக்கும் மேலாக எழும். கொக்கு, பிராந்து, வௌவால், எட்டுமூலை என்பன பழையவை. இப்போது கப்பலும் விமானமும், கையும் காலும் அசைக்கும் பொம்மைகளுங்கூட வானத்தில் ஏறுகின்றன. பட்டத்தின் உயிர் அதன் முச்சையிலே இருக்கிறது. முச்சை ஒரு விரற்கடை பிசகினாலும் பட்டம் தலைகீழாகக் குத்தும். வில்லாக வளைத்து நார் பூட்டிய விண்ணோ காற்றுப் பட்டவுடன் கூவத் தொடங்கும். பட்டத்தை இரவு முழுவதும் மரத்திலே கட்டிவிட்டு, அதன் கூவலைக் கேட்டபடி உறங்குவது பழைய வழக்கம். ஓசை மாறினாற் காற்று மாறிற்று என்று பாயிற் படுத்தபடியே அறிந்துகொள்ளலாம் என முதியவர் ஒருவர் நமக்குச் சொன்னார். நம் மாணாக்கருள் எவரேனும் கேட்டுக் காற்றை அறிவரோ? கைத்தொலைபேசியிற் பார்த்துச் சொல்வர்.

காற்றோடு விளையாடுவது எப்போதும் விளையாட்டாய் முடிவதில்லை. 2021 டிசெம்பரில் பருத்தித்துறைப் பகுதியிற் பெரிய பட்டமொன்றைப் பல இளைஞர் சேர்ந்து பிடித்து நின்றனர். மற்றவர்கள் கயிற்றை விட்டுவிட, ஒருவர் மட்டும் அதைப் பற்றியவாறே வானில் உயர்ந்து தொங்கினார். நற்பேறாக உயிர் தப்பினார். அக்காட்சியைக் காணொளியில் உலகமே கண்டது.

இக்கரையின் சாதனைகள் இன்று நேற்றையவை அல்ல. வல்வெட்டித்துறையிற் கட்டிய அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் விலைக்கு வாங்கினார். தம் துணைவியின் பெயரை அதற்குச் சூட்டி, இவ்வூர் மாலுமிகளைக் கொண்டே அதைத் தம் நாட்டுக்குச் செலுத்துவித்தார். 1937இற் புறப்பட்ட அக்கப்பல் செங்கடலையும் மத்தியதரைக் கடலையும் அத்திலாந்திக் சமுத்திரத்தையும் கடந்து, 1938இல் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் குளொஸ்ரர் துறைமுகத்தை அடைந்தது. தொண்டைமானாற்றைச் சேர்ந்த நவரத்தினசாமி 1954இற் பாக்கு நீரிணையை நீந்திக் கோடியக்கரையை அடைந்தார். நேர்கோட்டில் அளந்தாலும் அது 30 மைலுக்கு மேற்பட்ட தூரம். வல்வெட்டித்துறை தந்த ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் அந்நீரிணையைப் போகவும் வரவும் நீந்தினார். 1984இல் ஆங்கிலக் கால்வாயைக் கடக்க முயன்றபோது கடலிலேயே உயிர் நீத்தார்.

இத்தகைய கரையிலிருந்து சில மைல் தூரத்தில் வாழும் நம் பிள்ளைகளோ முழங்கால் நீருக்கு அப்பாற் செல்ல அறியார். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. போர் நிகழ்ந்த காலத்திற் கடலிலிறங்கவே தடைகள் பல இருந்தன. முட்கம்பிக்கு அப்பால் நின்று கடலைப் பார்த்து ஒரு தலைமுறை வளர்ந்தது. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி வந்த ஆழிப்பேரலை வடமராட்சிக் கரையிற் கொண்டுபோன உயிர்களை இன்றைய பெற்றோர் எவரும் மறக்கவில்லை. கடல் என்ற சொல்லைக் கேட்டதும் தாய்மார் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொள்கிறார்கள்.

இந்த அச்சத்தைப் போக்கவேண்டும் என்ற எண்ணத்துடனேயே சென்ற ஆவணி விடுமுறையிற் பன்னிரண்டு மாணாக்கரை அழைத்துக்கொண்டு தொண்டைமானாற்றுக்குச் சென்றோம். பேருந்திலே பருவக்காற்றுகளைப் பற்றி வினாக்கள் கேட்டோம். யாவரும் சரியான விடை கூறினர். செல்வச் சந்நிதி முருகனை வழிபட்டோம். மந்திரம் ஓதாது வாய்கட்டிப் பூசை நிகழும் அக்கோயிலின் அமைதி பிள்ளைகளையும் சற்று நேரம் பேசாமல் நிற்கச் செய்தது. பின்னர்க் கடனீரேரியின் ஓரமாக நடந்தோம். பூநாரைகளைக் காணலாமென்று ஆவலோடு வந்த ஒருவனுக்கு ஏமாற்றம். அவை வாடைக்கால விருந்தினர் அல்லவா? கொக்கும் நீர்க்காகமுமே அன்று அவனுக்குக் கிடைத்தன. தடுப்பணையருகே, உவர்நீரை உள்ளே வரவிடாது மழைநீரைத் தேக்கிவைக்கும் முறையை விளக்கினோம். எவரும் கேட்டதாகத் தெரியவில்லை. எல்லார் கண்ணும் கடலிலேயே இருந்தன.

கடல் குளம்போற் கிடந்தது. அலை என்று சொல்லத்தக்கது ஒன்றுமில்லை. காற்று மட்டும் நம் முதுகிற் பட்டுக் கரைமணலை நீரை நோக்கிச் சிதறிக்கொண்டிருந்தது. "இடுப்பளவு நீரில் நில்லுங்கள்" என்று கூறி அனுமதி கொடுத்தோம். கரையிற் கிடந்த லொறி ரியூப் ஒன்றை யாரிடமோ கேட்டுப் பெற்று, ஒருவர் மாறி ஒருவராக அதன்மேல் ஏறி மிதந்தார்கள். நாம் பூவரச மர நிழலில் அமர்ந்து மத்தியானச் சாப்பாட்டுப் பொதிகளை எண்ணத் தொடங்கினோம்.

அருகே வலை பொத்திக்கொண்டிருந்த முதியவர் ஒருவர் தலை நிமிர்ந்தார்.

"மாஸ்டர், அந்தப் பிள்ளை எங்கை போறான்?"

"பக்கத்திலைதான் நிக்கிறான் அப்பு. கடல் அமைதியாய்த்தானே இருக்குது."

"அதுதான் பயம். இது சோளகம். கரையிலை இருந்தெல்லே அடிக்குது!"

எழுந்து பார்த்தோம். ரியூப்பின்மேல் இருந்தவன் நாம் எண்ணிய தூரத்தில் இல்லை. அதைப்போல் மூன்று மடங்கு தூரத்தில் இருந்தான். இரு கைகளாலும் நீரை வலித்தான். ஆயினும் ஒவ்வொரு கணமும் சிறிதாகிக்கொண்டே போனான். அவன் நெடுநேரமாகக் கூவியிருக்கிறான். நமக்கோ ஒன்றும் கேட்கவில்லை. அவனைக் கொண்டுசென்ற காற்றே அவன் குரலையும் கொண்டுசென்றது.

நம் உடம்பு நடுங்கிற்று. சிறிது நீந்தத் தெரிந்த இருவர் அவனைப் பிடிக்கப் பாய்ந்தனர். முதியவர், "ஒருத்தரும் இறங்கக்கூடாது!" என்று அதட்டிய அதட்டலில் இருவரும் நின்றுவிட்டார்கள். "ரியூப்பை விடாதை எண்டு கத்துங்கோ. நீங்கள் கத்தினால் அவனுக்குக் கேக்கும்" என்றார். பதினொரு பிள்ளைகளும் நாமும் கரையில் நின்று கத்தினோம். மேடையிலும் வகுப்பிலும் எத்தனையோ சொற்களைப் பேசியிருக்கிறோம். அன்று நமக்கு வந்தவை இரண்டே சொற்கள்.

முதியவரின் மருமகன் பைபர் படகைத் தள்ளினான். இயந்திரம் முதலில் எழும்பவில்லை. இரண்டாம் முறையும் எழும்பவில்லை. அந்த இடைவெளியில் நாம் சந்நிதி முருகனுக்கு நேர்ந்தவற்றை இங்கே எழுதினால் வாசகர்கள் நகைப்பார்கள். மூன்றாம் முறை இயந்திரம் இரைந்தது. கால் மணித்தியாலத்தின் பின் படகு திரும்பியபோது பிள்ளை அணியத்திலே குந்தியிருந்தான். உதடு வெளிறியிருந்தது, ரியூப்பை இறுகப் பற்றிய விரல்கள் நிமிர மறுத்தன. முதியவர் அவனைத் தம் சாரத்தாற் போர்த்து, சீனி அள்ளிப் போட்ட பிளேன்ரீ கொடுத்தார்.

நம் பக்கம் திரும்பி அவர் கடிந்துகொள்ளவில்லை. கடிந்திருந்தால் ஆறுதலாய் இருந்திருக்கும். "வாடைக்கடல் ஆளை அடிச்சுக் கரையிலை போடும், மாஸ்டர். சோளகக்கடல் சத்தம் போடாமல் கொண்டு போகும்" என்று மட்டும் சொல்லிவிட்டு வலையைக் கையில் எடுத்தார்.

தென்மேற்கிலிருந்து வடகிழக்கு நோக்கி நாம் கரும்பலகையில் இட்ட அம்புக்குறி, குடாநாட்டின் வடகரையிற் கடலை நோக்கியே பாய்கிறது. அதனாலேயே அக்காலத்தில் அங்கே அலை எழுவதில்லை. அதனாலேயே மிதப்பவை யாவும் வெளியே போகின்றன. இதனை அறிய ஒரு பட்டதாரிக்கு இருபது வருடங்களும் ஒரு பிள்ளையின் உயிராபத்தும் வேண்டியிருந்தன.

அன்று மாலை அப்பிள்ளையின் வீட்டுக்கு நாமே சென்று நடந்ததை ஒளியாமற் கூறினோம். தாயார் ஒன்றும் பேசாமல் எழுந்து உள்ளே போய்விட்டார். வெங்காயத் தோட்டத்திலிருந்து அப்போதே வந்திருந்த தந்தையார் மண்வெட்டியைச் சுவரிற் சாய்த்தார். "இனி அவன் கடற்பக்கம் போகான். நீங்களும் பிள்ளையளைக் கொண்டு போகாதையுங்கோ" என்றார். தலை குனிந்து சம்மதித்தோம். அச்சம்மதத்தில் நமக்கு ஒரு நிம்மதியும் இருந்தது என்பதை மறைக்கமாட்டோம்.

அந்நிம்மதி மூன்று வாரமே நிலைத்தது. பாடம் முடிந்த ஒரு பிற்பகல் அம்மாணாக்கன் வந்து மேசையருகே நின்றான். "சேர், எனக்கு நீந்தப் பழகவேணும். அப்பாவோடை நீங்கள்தான் கதைக்கவேணும்." அவர் முன்னிலையில் மறுபடி போய் நிற்பதற்கு நமக்கு மனமில்லை. ஆயினும் போனோம். நெடுநேரம் யோசித்தபின் அவர் கேட்டார்: "மாஸ்டருக்கு நீந்தத் தெரியுமோ?"

தெரியாதென்றோம்.

"அப்ப முதலிலை நீங்கள் பழகுங்கோ. பிறகு பார்ப்பம்."

நாற்பத்தைந்து வயதிற் கீரிமலைக் கேணியில் இறங்கினோம். கடலோரத்தில் அந்த நன்னீர்க் கேணி அமைந்திருப்பதை எத்தனையோ முறை பரீட்சைத் தாளில் வினாவாக்கியிருக்கிறோம். அதன் நீரை அவ்வளவு குடித்தது இப்பொழுதுதான். எட்டு வயதுச் சிறுவர்கள் நம் தலைக்கு மேலாகப் பாய்ந்து நீந்தினார்கள். கார்த்திகை மழை தொடங்குமுன் கேணியின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்தை அடைந்தோம். படிக்கட்டில் அமர்ந்திருந்த தந்தையார் அதைப் பார்த்தார். மறுவாரம் மகனுக்கு ஒரு துவாயும் வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

இவ்வருடம் சோளகம் தொடங்கியபின் மீண்டும் தொண்டைமானாற்றுக் கரைக்குப் போனோம். முதியவர் அதே பூவரச நிழலில் இருந்தார். கடலும் அன்றுபோலவே குளமாய்க் கிடந்தது. பிள்ளைகள் சட்டையைக் கழற்றுமுன் அவன் குனிந்து ஒரு பிடி மணலை அள்ளி, கையை உயர்த்தி மெல்ல விட்டான். மணல் கடலை நோக்கிச் சரிந்து விழுந்தது.

"கரைக்காத்து, சேர். இண்டைக்கு இடுப்புக்கு மேலை வேண்டாம்."

"சரி தம்பி" என்றோம்.