வளைந்தாலும் நிமிரும் தண்டு

அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில், சியர்ரா நெவாடா மலைத்தொடரில் ரூபிகன் தடம் என்றொரு பாதை உண்டு. பாதை என்பது பேச்சுக்குத்தான். பல இடங்களில் அது வெறும் பாறைக் குவியல். அதன்மீது ஜீப் ஓட்டுவதைப் பலர் ஒரு விளையாட்டாகவே கொண்டிருக்கிறார்கள்.

ஜீப்பின் எடையைச் சுருள் வில்கள் தாங்குகின்றன. ஆனால் சக்கர அச்சு முன்னும் பின்னும் நகராமல் அதை வண்டியின் சட்டத்தோடு பிணைத்து வைப்பவை சில நீண்ட தண்டுகளே. கீழ்த்தண்டுகள் தரைக்கு அருகில் இருப்பதால், சில வேளைகளில் வண்டியே ஒரு தண்டின் வழியாகப் பாறைமேல் உட்கார்ந்துவிடும். தண்டு வளைந்தால் அச்சு இடம் மாறும். ஒடிந்தாலோ வண்டி மலைச்சரிவில் கட்டுப்பாட்டை இழக்கலாம்.

இத்தண்டை எதனால் செய்வது? எஃகுக் குழாயால் என்பீர்கள். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். வேறு சிலரோ 7075 என்ற எண் கொண்ட அலுமினியக் கலப்புலோகத்தை நாடுகிறார்கள். அலுமினியமா பாறைமேல் வண்டியைத் தாங்கும்?

விறைப்பு வேறு, வலிமை வேறு

யங் குணகம் எஃகுக்குச் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2,00,000 நியூட்டன். 7075 கலப்புலோகத்துக்கு 72,000 மட்டுமே. ஆகவே ஒரே அளவுள்ள இரு தண்டுகளில் ஒரே பளுவை ஏற்றினால், அலுமினியத் தண்டு ஏறத்தாழ மூன்று மடங்கு வளையும். விறைப்பில் எஃகே வென்றது.

ஆனால் பளுவை எடுத்தபின் தண்டு நிமிருமா? இதற்கு விடை தருவது மீட்சி எல்லை. சாதாரண மென் எஃகுக்கு அது ஏறத்தாழ 250, பற்றவைப்பதற்கு ஏற்ற 6061-டி6 கலப்புலோகத்துக்கு 275, 7075-டி6க்கு 500. தகைவை யங் குணகத்தால் வகுத்தால் திரிபு கிடைக்கும் அல்லவா? மென் எஃகு 0.00125 திரிபிலேயே நிரந்தரமாக வளைந்துவிடுகிறது. 7075 ஏறத்தாழ 0.007 வரை தாங்கி மீள்கிறது. ஐந்து மடங்குக்கும் மேல்!

எடையையும் பாருங்கள். 50 மி.மீ. விட்டமுள்ள கெட்டியான 7075 தண்டு மீட்டருக்கு 5.5 கிலோ. அதே வெளிவிட்டமும் 6 மி.மீ. தடிப்பும் கொண்ட எஃகுக் குழாய் 6.5 கிலோ. குழாய் மென் எஃகாக இருந்தால், அதை நிரந்தரமாக வளைக்கத் தேவையான பளுவைப்போல் மூன்று மடங்கு அலுமினியத் தண்டுக்குத் தேவை.

வலிமை வந்த வழி

தூய அலுமினியத்தில் அணு அடுக்குகள் எளிதில் வழுக்குகின்றன. ஆகவே அது மென்மையானது. அலுமினியத்துடன் செம்பும் மக்னீசியமும் கலந்து, சூடாக்கிக் குளிர்வித்து வைத்தால், நாட்பட நாட்பட அது இறுகுவதை ஜெர்மானியரான ஆல்பிரட் வில்ம் 1906இல் கண்டார். 7075இல் துத்தநாகமும் சேர்கிறது. அதை ஏறத்தாழ 480 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, நீரில் திடீரெனக் குளிர்வித்து, பிறகு 120 டிகிரியில் ஒரு நாள் வைத்திருப்பார்கள். அப்போது உள்ளே தோன்றும் நுண்துகள்கள் அடுக்குகளை வழுக்கவிடாமல் தடுக்கின்றன. ‘டி6’ என்பது இப்பக்குவத்தின் அடையாளம். பக்குவம் செய்யாத மென்மையான 7075க்கு ஐந்தில் ஒரு பங்கு வலிமையே உண்டு!

குறைகளும் உண்டு

பற்றவைத்தால் 7075 விரிசல் விடும். வெப்பம் அதன் பக்குவத்தையும் கெடுத்துவிடும். எனவே தண்டின் முனைகளில் துளையிட்டு, மரை வெட்டி, மூட்டுகளைத் திருகிவிடுகிறார்கள். 

இன்னொரு குறை உலோகக் களைப்பு. ஒரு வரம்புக்குக் குறைந்த தகைவு எத்தனை முறை வந்து போனாலும், பொதுவாக எஃகு தாங்கும். அலுமினியத்துக்கு அப்படித் திட்டமான வரம்பு இல்லை. பாறை கீறிய இடத்தில் விரிசல் தொடங்கி மெல்ல வளரலாம். மென் எஃகு பெரும்பாலும் முதலில் வளைந்து எச்சரிக்கும். களைத்த அலுமினியமோ திடீரென ஒடியலாம். ஆகவே இத்தண்டுகளை அவ்வப்போது துடைத்துப் பார்த்து, ஆழமான கீறல் கண்டால் மாற்றிவிடுவதே பாதுகாப்பு.

நீங்களே ஒரு சோதனை செய்யலாம். சைக்கிள் ஸ்போக் கம்பி ஒன்றையும், அதே பருமனும் நீளமும் உள்ள கட்டுக்கம்பி ஒன்றையும் ஒரே அளவு வளைத்து விடுங்கள். ஒன்று நிமிரும், மற்றது வளைந்தே நிற்கும். இரண்டும் எஃகுதான், யங் குணகமும் ஏறத்தாழ ஒன்றே. அப்படியானால் வேறுபடுவது எது?